குறிப்பு இருந்தால் எழுதவும்

ஜூன் 4, செவ்வாய்

இந்த நோட்டு என்னுடையதல்ல. வலி நிவாரண மையத்தின் சொத்து. முன்பக்கத்தில் நான்கு பத்திகள் அச்சடித்திருக்கிறார்கள்: நாள், வலி, மருந்து கொடுத்த நேரம், 'குறிப்பு இருந்தால் எழுதவும்'. கடைசிப் பத்தியின் அகலம் ஒரு தீப்பெட்டிக்குப் போதாது. ஒரு வீட்டில் ஒருவர் சாகும்போது அவ்வளவுதான் குறிப்பு இருக்கும் என்று யாரோ அளந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், எந்த நோட்டிலும் உண்மை பின்பக்கத்தில்தான் இருக்கும்.

நோட்டைக் கொடுத்தவள் மையத்து நர்ஸ் மும்தாஜ். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ச் சாகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறாள்.

"டெய்லி வலி எத்தனைன்னு சாரைக் கேட்டுப் போட்டுருங்க டீச்சர். பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல."

"அரை மார்க் உண்டா?"

"நீங்க எங்களுக்குக் குடுத்தீங்களா?"

சார் என்பது என் கணவர் சூசைமாணிக்கம். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், வயது எழுபத்தொன்று. கணையத்தில் புற்றுநோய், முதுகெலும்பு வரை போய்விட்டது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி பத்து வாரம் வைத்தியம் பார்த்தது. பிறகு டாக்டர், "இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கங்க" என்றார். நல்லா என்றால் எப்படி என்று கேட்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நல்லா பார்த்துக்கொள்வது என்றால், பதினொரு நாள் ஒரு மனிதர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டேன். மார்ஃபின் மாத்திரை கேட்டுத் திண்டுக்கல்லில் பதினான்கு மருந்துக் கடை ஏறினேன். பதினான்கிலும் கஞ்சா கேட்டு வந்த கிழவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பதினைந்தாவது கடைக்காரர்தான் இந்த மையத்தின் எண்ணைக் கொடுத்தார்.

காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு ஆகிய வேளைகளில் ஒவ்வொரு மாத்திரை, படுக்கும்போது இரண்டு. நாளைக்கு ஆறு, வாரத்துக்கு நாற்பத்திரண்டு. கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் ஒவ்வொரு செவ்வாயும் மும்தாஜ் வந்து எண்ணிப் பார்ப்பாள்.

காலையில் வலி 9. முதல் மாத்திரை போட்டு, மாலையில் 4. தலையணை உறையை மாற்றினேன். பழையது கிழிந்திருந்தது.

ஜூன் 6, வியாழன்

வலி 3. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். வந்த பொருள்: ஆப்பிள் மூன்று கிலோ, ஹார்லிக்ஸ் நான்கு பாட்டில், பிரான்ஸின் லூர்து நகர் மாதா கோயில் தீர்த்தம் ஒரு குப்பி. அவரால் விழுங்க முடிந்தது குப்பியில் இருந்தது மட்டும். ஒன்பது பேருக்கும் நான் காபி போட்டேன்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. வாய்க்கு ஒன்று செய்து பழகவில்லை.

அவருடைய அக்கா லூர்து மதினி என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினார்.

"ஏன் செசிலி, அந்த மாத்திர பழகிருமாமுல்ல?"

"யாருக்கு மதினி?"

"தம்பிக்குத்தேன். பழகிருச்சுன்னா அப்புறம் விடவே முடியாதாம். டிவியில காமிச்சாக."

"டாக்டர் ஒரு மாசம்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள கெட்டுப்போயிருவார்னு பயப்படுறீங்களா?"

"ஒனக்கு எப்பவும் எடக்குத்தேன். அதுக்குத்தேன் ஆண்டவர் ஒனக்கு ஒரு பிள்ளையக் குடுக்கல."

நான் ஆப்பிளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

வலி 2. பதினாறு மணி நேரம் தூங்கினார். விழித்தபோது கஞ்சி நான்கு கரண்டி. புரட்டிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போட்டேன். புண் இல்லை.

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். அவருடைய தகரப் பெட்டியில் தேடினேன். அட்டை கிடைத்தது. அதற்கடியில் ஒரு பதிவுத் தபாலும் கிடைத்தது. என் பெயருக்கு வந்தது. 1991 ஆகஸ்ட். தர்மபுரிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக என்னை நியமித்திருக்கிறார்கள். பதினைந்து நாளில் வந்து சேர வேண்டும்.

உறை பிரித்திருந்தது. அப்போது எங்கள் பகுதித் தபால் நிலையத்துக்கு அவர்தான் போஸ்ட் மாஸ்டர். எனக்கு வந்த தபாலுக்கு என் பெயரில் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, அவரே பிரித்துப் படித்து, அவரே பத்திரப்படுத்தியிருக்கிறார். பணி நிறைவு விழாவில், ஒரு தபாலைக்கூடத் தவறவிடாதவர் என்று பேசி மாலை போட்டார்கள். உண்மைதான். தவறவிடவில்லை.

நேர்காணலில் ஒரு கேள்விக்குத் தடுமாறினேன். வேலை வராததற்கு அந்தத் தடுமாற்றம்தான் காரணம் என்று முப்பத்து மூன்று வருடமாக நினைத்து நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். பாத்திரம் துலக்கும்போது சரியான பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறார்.

அந்த ஆகஸ்டில்தான் எனக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். "சும்மாதேன்" என்றார். அந்தக் கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. அவருக்கு இட்லி இல்லாமல் விடியாது.

மார்ச்சிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் ஸ்கேன் முடிவும் கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. கணையம் அழுகிப்போன மனிதரிடம் என்ன சண்டை போடுவது? மேலும், நான் கேட்டு அவர் சொன்னால் அது வெறும் பதில். அவராகவே சொல்ல வேண்டும். வகுப்பில் நான் வைத்திருந்த சட்டமும் அதுதான்: கேட்பதற்கு முன் ஒப்புக்கொண்டால் அடி கிடையாது.

அவரிடம் நேரம் அதிகம் இல்லை. இருக்கிற நேரத்தையும் தூங்கிக் கழிக்கிறார்.

ஜூன் 11, செவ்வாய்

வலி 2. மும்தாஜ் வந்தாள். எண்ணினாள். எண்ணிக்கை சரி. அடுத்த வாரத்துக்கு நாற்பத்திரண்டு கொடுத்தாள்.

"எப்பவும் தூங்கிட்டே இருக்காரு" என்றேன்.

"ரெண்டு மாசம் வலியில தூங்காத தூக்கம் டீச்சர். சேத்து வச்சுத் தூங்குறாரு. இன்னும் ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சுருவாரு பாருங்க."

"தெளியாமப் போயிட்டா?"

"பேசணுமா அவர்ட்ட?"

"கேஸ் புக் பண்ற நம்பர் அவருக்குத்தான் தெரியும்."

மும்தாஜ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எட்டாம் வகுப்பில் அவள் இப்படிப் பார்த்ததில்லை.

ஜூன் 12, புதன்

வலி 5. மருந்து கொடுத்தேன்.

காய் நறுக்கும் சின்னக் கத்தி இனி மருந்து டப்பாவில் இருக்கும். பீன்ஸுக்குப் பெரிய கத்தியே போதும்.

ஜூன் 14, வெள்ளி

வலி 6. மருந்து கொடுத்தேன். நன்றாக விழித்திருக்கிறார்.

நிறையப் பேசினார். 78ஆம் வருட மழையில் தபால் பையைத் தலையில் வைத்து ஓடை கடந்ததைப் பேசினார். மின்கட்டண அட்டை எங்கே இருக்கிறது, பென்ஷன் எனக்கு மாறுவதற்கு எந்தப் படிவம், வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளுக்கு எப்போது எண்ணெய் விட வேண்டும் என்று எல்லாம் சொன்னார். நடுநடுவே நிறுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

பிறகு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செசிலி."

"சொல்லுங்க."

"அந்தக் கிரைண்டரு..."

துணியைக் கீழே வைத்தேன்.

"கல்லு தேஞ்சிருக்கும். கொத்தச் சொல்லு."

ஜூன் 16, ஞாயிறு

வலி 7. மருந்து கொடுத்தேன்.

பூசை முடிந்து அன்பியத்தார் வந்தார்கள். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்குழுவுக்கு அதுதான் பெயர். பெயர் வைத்தவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு பேர், ஒரு கிட்டார். படுக்கையைச் சுற்றி நின்று நான்கு பாட்டுப் பாடினார்கள். தலைவர் அந்தோணிதாஸ், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததில் மெத்தை ஆடி, இவர் முகம் கோணிற்று.

"வலின்னு நினைக்காதீங்கண்ணே. சிலுவைன்னு நினைங்க. அப்படியே ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க போன மாசம் பல்லுப் பிடுங்குனப்ப ஊசி போட்டுக்கிட்டீங்களா, ஒப்புக்கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

கிட்டார்க்காரர் சிரிப்பை அடக்க மெட்டு ஒன்றை மீட்டினார். அந்தோணிதாஸ் என்னைப் பொருட்படுத்தவில்லை. "என்னண்ணே, ஒப்புக்கொடுக்குறீங்களா?" என்று மறுபடி கேட்டார்.

"ஒப்புக்கொடுத்துக்கிட்டுத்தேன்டா இருக்கேன்" என்றார் இவர். சொல்லிவிட்டு அந்தோணிதாஸைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

தண்ணீர் கேட்கிறார் போலும் என்று கொடுத்தேன். குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மெத்தையை நேராக்கினேன். வலி புனிதமானது என்று வலி இல்லாதவன் சொல்வதைப்போல் அயோக்கியத்தனம் வேறில்லை.

ஜூன் 18, செவ்வாய்

வலி 7. மும்தாஜ் வந்தாள். எண்ணினாள். ஒரு முறை எண்ணி, மேசையில் பரப்பி மறுபடி எண்ணினாள்.

"இருபத்தொன்னு மிஞ்சியிருக்கு டீச்சர்."

"வாந்தி எடுத்துட்டார்."

"வாந்தி எடுத்தா மாத்திரை கொறையும். மிஞ்சாது."

இவளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தது யார் என்று யோசித்தேன். சிஸ்டர் பெனடிக்டா. கெட்டிக்காரர்.

மும்தாஜ் நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினாள். "ரெண்டுல இருந்தது ஏழுக்கு வந்துருக்கு. நோய்தான் ஏறிடுச்சோன்னு டோஸ் கூட்ட இருந்தேன். இப்ப கூட்ட வேண்டியதில்ல." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"டீச்சர், நிறைய வீட்டுல பயந்துட்டுக் கொறைப்பாங்க. சொந்தக்காரங்க எதையாவது சொல்லிருவாங்க. அதுல ஒன்னும் இல்ல. கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிட்டா அடி கிடையாதுன்னு நீங்கதான சொல்வீங்க?"

"வாந்திதான்" என்றேன்.

தலையாட்டினாள். பையிலிருந்து சிவப்புப் பேனா எடுத்து, முன்பக்கத்தில், 'முழு அளவு கொடுக்கவும்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். என் நோட்டில் ஒருவர் சிவப்பு மையில் எழுதுவது நாற்பது வருடத்தில் இதுவே முதல் தடவை.

போகும்போது அவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "வலிக்குதா சார்?" என்றாள்.

"பரவாயில்லம்மா. நம்ம வீட்டுல எல்லாம் சரியா நடக்குது."

ஜூன் 19, புதன்

வலி 8. மருந்து கொடுத்தேன்.

அவர் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

வலி 8.

பங்குத்தந்தை இருதயராஜ், சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கொடுக்க வந்தார். முப்பத்து மூன்று வயது. அந்தக் கடிதம் வந்த வருடத்தில் பிறந்திருப்பார். சிவந்த முகம், புது ஷூ. பூசுவதற்கு முன் அவர் தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும், ஆகவே நான் கொஞ்சம் வெளியே இருக்க வேண்டும் என்றார்.

அடுப்படிக்குப் போனேன். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக ஊறவைத்திருந்த உளுந்தைப் போட்டுக் கிரைண்டரை ஓட விட்டேன். ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு நிறுத்திவிட்டேன். மாவுக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும்.

சொற்கள் கேட்கவில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் அழுதார். கல்யாணமான நாற்பத்து மூன்று வருடத்தில் நான் கேட்டிராத சத்தம் என்பதால் முதலில் அது என்னவென்றே தெரியவில்லை.

பத்து நிமிடத்தில் ஃபாதர் வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்தார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். நான் சீனி போட மறந்திருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

"நீங்க கோபமா இருக்கீங்களாம்மா?"

"யார் சொன்னா?"

அவர் வாயைத் திறந்து மூடினார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது. சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில், தர்மபுரி இருந்தது.

முப்பத்து மூன்று வருடம் என்னிடம் சொல்லாததை, ஒரு சின்னப் பையனிடம் பத்து நிமிடத்தில் சொல்லி மன்னிப்பும் வாங்கிவிட்டார். எனக்கு வந்த தபாலை மறுபடியும் வேறு விலாசத்தில் கொடுத்துவிட்டார்.

நான் பத்து நாளாகக் காத்திருந்தேன். அதற்காக என்னென்ன...

மாவைத் திரும்பப் போட்டு அரைத்தேன்.

ஜூன் 22, சனி

காலை ஆறு மணிக்கு வலி எத்தனை என்று கேட்டேன். ஒன்பது விரல் காட்டினார்.

மேசைக்குத் திரும்பி, டப்பாவைத் திறந்து, கத்தியை எடுத்தேன்.

"செசிலி, ஃபாதர் எம் பாவத்துக்கு என்ன அபராதம் குடுத்தாரு தெரியுமா?"

"அது உங்களுக்கும் அவருக்கும்."

"மூணு தடவ அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லணுமாம். அம்புட்டுத்தேன். மூணு." மூச்சு வாங்கியது. "சின்னப் பிள்ளைல. தெரியல அவருக்கு. நீதேன் சரியாக் குடுத்த."

நான் திரும்பவில்லை. கத்தி கையில் இருந்தது.

"முழுசுல நடுவுல ஒரு கோடு இருக்கும். நாக்குல தெரியும். கொஞ்ச நாளா கோடு இல்ல. ஒரு பக்கம் வெட்டுன மொனதேன் இருக்கு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"பெட்டியத் திறந்தப்பவே பாத்திருப்பன்னு தெரியும். நீ கேப்பன்னு இருந்தேன்."

"நீங்க சொல்வீங்கன்னு நான் இருந்தேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அது முதுகில் போய்ப் பிடித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல் நுனிகள் வெளுத்தன. அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுதப்போவதில்லை. அடங்கியபோது சொன்னார்: "இப்ப தெளிவாத்தேன் இருக்கேன். கேட்டுட்டுக் குடுக்குறியா, குடுத்துட்டுக் கேக்குறியா?"

கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படித் தோன்றியது என்று இங்கே எழுத வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம்.

முழு மாத்திரையைக் கொடுத்தேன். மும்தாஜுக்குப் போன் செய்தேன். வலி இவ்வளவு இருந்தால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் இன்னொன்று கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். எட்டு மணிக்குத் தூங்கினார்.

சின்னக் கத்தியைக் கழுவி அடுப்படியில் வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

வலி 3. நாள் முழுக்கத் தூக்கம். எழுப்பவில்லை.

ஜூன் 24, திங்கள்

வலி 2. மதியம் மூன்று மணிக்குக் கண் திறந்து, "மழை பெஞ்சுச்சா?" என்றார். இல்லை என்றேன். தெளிவாக இருந்தார். முழு மாத்திரை போட்டும் தெளிவாக இருந்தார். ரெண்டு மூணு நாளில் தெளிந்துவிடுவார் என்று மும்தாஜ் பதினோராம் தேதியே சொன்னாள். நான் அவளுக்கு மூன்று நாள்கூடத் தரவில்லை.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

நிறைய யோசித்தார். "தர்மபுரி ரொம்ப தூரம்னு நெனச்சேன்."

"பஸ் இருந்துச்சு."

"ஆமா. விசாரிச்சேன். நேர் பஸ்ஸே இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள பதினஞ்சு நாள் முடிஞ்சுபோச்சு." பிறகு, "நீ போனா திரும்ப வரமாட்டன்னு பயம். நான் என்ன, எஸ்.எஸ்.எல்.சி. நீ அங்க காலேஜுல" என்றார்.

முப்பத்து மூன்று வருடத்துக்கு இதுதான் காரணம். ஏதாவது பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெரிதாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

"நேர்காணல்ல நான் தடுமாறுனது உங்களுக்குத் தெரியும். அதச் சொல்லிச் சொல்லி அழுதது தெரியும். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப சொன்னா நீ ஏங்கூட இருந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதேன்."

 ஈரத் துணியால் அவர் உதட்டை நனைத்தேன்.

"மன்னிச்சுட்டியா?"

"இன்னும் இல்ல. தூங்குங்க."

"செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நானும் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆறு மணி மாத்திரைக்கு எழுப்பினேன். நாக்கை நீட்டிக் கோடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். வேடிக்கைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

வலி 2. மும்தாஜ் எண்ணினாள். போன வாரத்தைவிடக் குறைவாகவே மிஞ்சியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. விழுங்க முடியவில்லை என்பதால் இனி ஊசி. பாதம் சில்லிட்டிருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

வலி 0. மருந்து தேவைப்படவில்லை.

காலை 9.40.

ஜூன் 28, வெள்ளி

அடக்கம் முடிந்தது. லூர்து மதினி சவப்பெட்டி மேல் விழுந்து அழுதார். எழுந்து, கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "அந்த மாத்திரதேன் தம்பியக் கொன்னுபுடுச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

அந்தோணிதாஸ் கல்லறையில் பேசினார். சூசையண்ணன் வேதனையை முகம் சுளிக்காமல் ஒப்புக்கொடுத்த வேதசாட்சி. அவரைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்த துணைவியார் நம் பங்கின் குடும்பங்களுக்கு எடுத்துக்காட்டு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஃபாதர் இருதயராஜ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்ச ஊசிகளையும் மாத்திரைகளையும் மும்தாஜ் எண்ணி வாங்கிக்கொண்டாள். நோட்டை மெதுவாகக் கொடுங்கள், அவசரமில்லை என்றாள்.

ஜூலை 13, சனி

மையத்தில் மாதம் ஒரு முறை, வீட்டில் ஒருவரை இழந்தவர்களும் இழக்கப்போகிறவர்களும் கூடுகிறார்கள். மும்தாஜ் வற்புறுத்தினாள். போனேன். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் கண் துடைக்கும் காகிதம். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே அழுகை நின்றுவிடும்.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒரு படம் மாட்டினார். துக்கத்துக்கு ஐந்து படிகள். கோபம் இரண்டாவது படி, அதில் யாரும் அதிக நாள் நிற்க மாட்டார்கள் என்றார். முப்பத்து மூன்று வருடம் பிந்தி வந்த கோபத்துக்கு எத்தனை நாள் என்று கேட்க நினைத்தேன். மெலிந்த மனிதர். விட்டுவிட்டேன்.

எனக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர். வடிவேலன் என்று பெயர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். அம்மாவுக்கு மார்பில் புற்று.

"மாத்திரை குடுக்குறேங்க. ஆனா முழுசாக் குடுக்கப் பயமா இருக்கு. எங்க மாமா, பாதி குடு, மயங்கிக் கெடந்தா அம்மா மொகத்த எப்படிப் பாப்பங்கிறாரு. அதான் ஒடச்சு ஒடச்சுக் குடுக்குறேன். அம்மாவும் ஒன்னும் சொல்ல மாட்டேங்குது."

மும்தாஜ் அவருக்குப் பொறுமையாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் உடைக்கப்போகிறவனின் தலையாட்டல்.

நான் எழுந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்துக்காட்டான துணைவியார். என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "நர்ஸ் சொல்றத அப்படியே கேளுங்க தம்பி."

உட்கார்ந்துவிட்டேன்.

அன்பியத்தாரை, மதினியை, மதுரை டாக்டரை, பதினான்கு மருந்துக் கடைக்காரரை இந்த நோட்டில் வரிசையாக நிற்கவைத்து அடித்திருக்கிறேன். அவர்கள் யாரும் அவருடைய மாத்திரையை உடைக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மும்தாஜ் நோட்டு வாங்க வருகிறாள். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். பின்பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நேற்று வரை இருந்தேன். மாணவிகள் அப்படிக் கிழித்த நோட்டை நான் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. நடுவில் எதிர்ப்பக்கத் தாள் தொங்கும்.

மும்தாஜ், நீ இதைப் படிக்கும்போது நான் அடுப்படியில் உனக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பேன். சீனி போடுவேன்.

நீ எண்ணியது சரி. வாந்தி இல்லை. ஜூன் 11 மாலையிலிருந்து 21 இரவு வரை, ஒவ்வொரு வேளையும், பாதி. யாரும் பயமுறுத்தவில்லை. எனக்குப் பயமும் இல்லை. ஒரு பதில் வேண்டியிருந்தது. அது முழு மாத்திரையிலேயே வந்திருக்கும். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு, அதற்கு மருந்து உன் பையில் இல்லை. ஆனால் அந்தப் பத்து நாள் என்னுடையது. அதற்கு மூன்று அருள் நிறைந்த மரியே போதாது.

வடிவேலனிடம் இதைக் கொண்டுபோய்ப் படித்துக்காட்டு. இன்றைக்கே. அவர் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பிறகு அடுத்த மாதக் கூட்டத்திலும் படி. இப்படி எழுதிக் கொடுப்பவர்களின் பெயரை மாற்றித்தான் படிப்பீர்கள் என்று ஆலோசகர் சொன்னார்.

என் பெயரை மாற்றாதே.